கடூ பாஸ்: வடக்கு வேல்ஸ் கோட்டைகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம், வாசலுக்கு வாசல் டிக்கெட் எடுக்காமல் பல கோட்டைகளுக்கும் ஒரே சீட்டாக இருக்கும் இந்த பாஸை. ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். மிச்சமாகத்தான் செய்கிறது, ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும் அளவுக்கு இல்லை. பாஸின் அருமை வேறிடத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் நுழைந்த கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், அல்லது சின்னவன் பசிக்கிறது என்று சிணுங்க ஆரம்பித்தால், "சரி, கிளம்பலாம்" என்று மனசு உறுத்தாமல் கிளம்பிவிடலாம். ஒவ்வொரு வாசலிலும் ஆறு பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தால், என் வீட்டுக்காரர் கடைசிக் கல்லைப் பார்த்து முடிக்கும்வரை எங்களில் ஒருவரையும் வெளியே விட்டிருக்க மாட்டார்.

ஆறு பேர் என்றால் நாங்கள் இருவர், பதினொரு வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவன், வேலூரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. அப்பா பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தகராறு. இந்த விமர்சனத்தில் படிக்கட்டுகளைப் பற்றி அடிக்கடி பேச்சு வருவதற்குக் காரணம் அம்மா. சாரம், காரை என்றெல்லாம் வருவதற்கு அப்பா பொறுப்பு.

கடூ என்பது வேல்ஸ் அரசின் தொல்பொருள், மரபுச் சின்னங்களைப் பராமரிக்கும் அமைப்பு. வேல்ஸ் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. பெரிய கோட்டைகளுக்குத்தான் டிக்கெட், அதுவும் கான்வி, கைர்னார்வன் போன்றவற்றில் பெரியவர் ஒருவருக்குப் பத்து பவுண்டைத் தாண்டும். நான் சொல்லும் பாஸுக்கு அவர்கள் வைத்த பெயர் எக்ஸ்ப்ளோரர் பாஸ், அதில் இரண்டு வகை. ஒன்று 3 நாள் பாஸ், அதை 7 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று 7 நாள் பாஸ், அதற்கு 14 நாள் அவகாசம். நாட்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. வேல்ஸ் மலைப் பகுதி பிரிட்டனிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. அதனால் இந்த இடைவெளி பெரிய உதவி. வானம் கறுத்த நாளை விட்டுவிட்டு, வெளுத்த நாளில் பாஸை எடுத்தால் போதும்.

ஒருவருக்கு, இருவருக்கு, குடும்பத்துக்கு என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. குடும்பம் என்றால் இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள் வரை. தாத்தா பாட்டி அதில் அடங்க மாட்டார்கள். எங்களுக்குக் குடும்ப பாஸ் ஒன்று, அவர்களுக்கு இருவர் பாஸ் ஒன்று. 5 வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் கைக்குழந்தைக்காரர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்யும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பாஸ் வாங்காதீர்கள். முதல் வருடம் கடூ இடங்களில் பாதிக் கட்டணம்தான், உறுப்பினர் சந்தாவைப் புதுப்பித்த பிறகு இலவசம்.

மில்டன் கீன்ஸிலிருந்து எம்6 பிடித்து, செஸ்டர் தாண்டி, கடலை ஒட்டி ஓடும் ஏ55 சாலையில் வந்தால் முதலில் கண்ணில் படுவது கான்வி. பாஸை அங்கேயே வாசலில் வாங்கினோம். தங்கியது லான்ரூஸ்ட் பக்கம் ஒரு வாடகை வீட்டில். "கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். உண்டுதான், ஆனால் அந்தக் கீழ்த்தளத்துக்கே வெளியிலிருந்து கைப்பிடி இல்லாத ஏழெட்டுக் கற்படி ஏற வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் படியைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் பூந்தொட்டி வைத்து மறைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கோட்டைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1282-83இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வடக்கு வேல்ஸைப் பிடித்தார். பிடித்ததைக் கையைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளக் கடலோரமாக வரிசையாகக் கோட்டைகளைக் கட்டினார். பொருட்கள் கப்பலில் வந்து இறங்க வேண்டும், சுற்றிலும் பகைவர்கள் இருந்தாலும் பட்டினி கிடக்கக் கூடாது என்பது கணக்கு. கட்டிக் கொடுத்த தலைமை மேஸ்திரி, சவாய் நாட்டிலிருந்து வந்த செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். கான்வி, கைர்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் நான்கும், முதல் இரண்டு ஊர்களின் மதில்களும் சேர்ந்து 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பாஸில் நான்கும் அடக்கம்.

கான்வி நான்கே வருடத்தில், 1283 தொடங்கி 1287க்குள், எழும்பிய கோட்டை. ஊர் மதிலையும் சேர்த்துச் செலவு அந்தக் காலத்துக் காசில் சுமார் 15,000 பவுண்டு. எட்டு பெரிய கோபுரங்கள். பக்கத்திலேயே தாமஸ் டெல்ஃபோர்ட் 1826இல் போட்ட தொங்குபாலம், அதற்கு அடுத்தாற்போல் ஸ்டீவன்சனின் ரயில் பாலம். இரண்டு பேருமே கோட்டைக்குப் பொருந்த வேண்டும் என்று பாலத் தூண்களுக்கும் கோட்டைக் கோபுரம் போலத் தலை வைத்திருக்கிறார்கள். அப்பா வெகுநேரம் பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக்குக் காசு கொடுத்துவிட்டு இலவசப் பாலத்தைப் பார்க்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு உள்ளே போனவர், கோபுரத்தின் வெளிச்சுவரில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள் சரிவாக ஏறிப் போவதைக் கண்டுபிடித்தார். "ஏம்மா, இது என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். அம்பு எய்யும் ஓட்டை என்றேன். "இவ்வளவு பொடிசா இருந்தா அம்பு எப்படிம்மா போகும்? இது சாரம் கட்டின ஓட்டை. நேரா அடுக்கடுக்கா கட்டாம, கோபுரத்தைச் சுத்திப் பாம்பு மாதிரி ஏத்தியிருக்கான் பாரு." சரிதான். சாரத்தைச் சரிவுப் பாதையாகச் சுற்றிக் கட்டினால் கல்லை அதன் மேலேயே இழுத்துக்கொண்டு போகலாம். சவாய் பக்கத்துக் கொத்தனார்கள் கொண்டுவந்த முறை என்று சொல்கிறார்கள். ஹார்லெக்கிலும் அதே ஓட்டைகள் உண்டு. அதற்கப்புறம் பிள்ளைகள் எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் முதலில் சார ஓட்டையைத்தான் எண்ணினார்கள். தகவல் பலகைகளைவிட இது நன்றாக வேலை செய்தது.

இன்னொரு விஷயம்: சுவரில் அங்கங்கே வெள்ளைப் பூச்சின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டிய காலத்தில் கோட்டை முழுக்கச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று வெள்ளையாக இருந்ததாம். கறுத்த கல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டம். எனக்கு ஏனோ அந்த வெள்ளைக் கோட்டைதான் பயமாக இருந்தது. கடலில் வருகிறவனுக்கும் மலையிலிருந்து இறங்குகிறவனுக்கும் எத்தனை மைல் தள்ளியே தெரிந்திருக்கும்!

கான்வியில் ஏறுவதெல்லாம் சுழல் படிக்கட்டுதான். குறுகல், கல் தேய்ந்திருக்கிறது, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அம்மா ஏறவில்லை. உள்முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, 28 மீட்டர் ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்தார். ஆறு வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து ஏற்றலாம், இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஈரமாக இருந்தால் கோபுர உச்சியை விட்டுவிட்டு மதில்மேல் நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோட்டையைவிட ஊர் மதில்தான் பிள்ளைகளுக்குப் பிடித்தது, அதற்குக் காசும் இல்லை. 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரம், பெரும்பகுதி மேலேயே நடக்கலாம். ஓரிடத்தில் மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரிசையாக 12 கழிப்பிடங்கள். அரசரின் அலுவலர்களுக்காகக் கட்டியவை. கீழே ஒன்றும் கிடையாது, நேரே ஓடைப் பக்கம் விழும். சின்னவனுக்கு வேல்ஸ் வரலாற்றில் இன்றுவரை ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். துறைமுகக் கரையில் பிரிட்டனின் மிகச் சிறிய வீடு என்று சிவப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது, அகலம் 1.8 மீட்டர். கடைசியாகக் குடியிருந்த மீனவர் ஆறடி மூன்றங்குல உயரமாம். அதற்குச் சில்லறைக் கட்டணம் தனி, பாஸில் வராது.

சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுகிறேன். கரையில் சிப்ஸ் வாங்கினால் கூரைக்கு அடியில் நின்று சாப்பிடுங்கள், கடற்புறாக்கள் கையிலிருந்தே பறித்துப் போகும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீன் பொரித்த எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்கவும். நாங்கள் பெரும்பாலும் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனோம். பாரா பிரித் என்ற உலர்பழ ரொட்டி எல்லா டீக்கடையிலும் கிடைக்கிறது. பழத்தைத் தேநீரில் ஊறவைத்துச் செய்வது, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டால் அம்மாவே இரண்டாவது துண்டு கேட்டார்.

இப்போது பியூமாரிஸ். நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது, பயண இணையதளங்களில் அதிகம் புகழப்படாதது. ஆங்கிள்சி தீவில், மெனாய் நீரிணையின் கரையில் இருக்கிறது. 1294இல் வேல்ஸ்காரர்கள் கிளர்ந்தெழுந்து கைர்னார்வனையே சூறையாடிவிட்டார்கள். அதை அடக்கிய கையோடு 1295இல் எட்வர்ட் இதை ஆரம்பித்தார். குன்று கிடையாது, பாறை கிடையாது, சமதளச் சதுப்பு நிலம். அதனால் மேஸ்திரி ஜேம்ஸ் தாளில் என்ன நினைத்தாரோ அதை அப்படியே தரையில் போட முடிந்தது. மதிலுக்குள் மதில், இரண்டும் எல்லாப் பக்கமும் சமச்சீராக, சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி, கப்பல் வாசல்வரை வந்து நிற்க ஒரு துறை.

அகழியைப் பார்த்ததும் அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் "நம்ம ஊரு" என்றார்கள். வேலூர்க்காரர்கள் கோட்டை விஷயத்தில் லேசில் மசிய மாட்டார்கள். கான்வியைப் பார்த்துவிட்டு "சின்னதா இருக்கே" என்ற அம்மா, இங்கே பாலத்தில் நின்று வாத்துக்களைப் பார்த்தபடி வேலூர் அகழியில் முதலை விட்டிருந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெரியவள் நம்பவில்லை. சின்னவன் நம்பிவிட்டு, பாலத்தின் நடுவிலேயே நடந்தான்.

அகழியைத் தாண்டி உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, கோபுரங்கள் பாதியிலேயே நிற்கின்றன. இடிந்ததல்ல, கட்டவே இல்லை. பணம் தீர்ந்துவிட்டது. அரசரின் கவனம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பிவிட்டது. 1296 பிப்ரவரியில் ஜேம்ஸும் கணக்குப் பார்த்த அவரது கூட்டாளியும் லண்டன் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. நான் முன்பே படித்து வைத்திருந்தேன், அப்பாவை உள்முற்றப் புல்வெளியில் உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு வாரத்தில் இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கலாம் என்று ஆரம்பித்து, கணக்கு ஒப்பிக்கிறார்கள்: கொத்தனார் 400, கூலியாள் 2,000, கல்லுடைப்பவர் 200, கொல்லர் 30, அப்புறம் தச்சர்கள், சின்ன வண்டி 100, பெரிய வண்டி 60, கல்லும் நிலக்கரியும் ஏற்றிவரப் படகு 30. ஆட்களுக்குக் கூலி பாக்கி நிற்கிறது, சாப்பிட வழியில்லாதவர்களைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள். கடைசியில் ஒரு பின்குறிப்பு, கடவுள் பெயரால் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்ததும் வீண் என்று.

அப்பா சிரிக்கவில்லை. "400 கொத்தனாருக்கு 2,000 சித்தாள்னா ஒருத்தருக்கு அஞ்சு பேர். இந்தச் சுவர் தடிமனுக்குச் சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பில்லு பாஸ் ஆகலைன்னா மேஸ்திரி என்னம்மா பண்ணுவான், பாவம்" என்றார். அங்கே மழை தூறியது, பிள்ளைகள் இரண்டு மதிலுக்கும் இடையில் துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், அப்பா எழுந்திருக்கவே இல்லை. வேலை 1330 வரைக்கும் இழுத்தடித்து, முடியாமலே நின்றுபோனது. மொத்தச் செலவு இங்கும் 15,000 பவுண்டு அளவில்தான். கான்விக்கு அந்தக் காசில் முழுக் கோட்டையும் ஊர் மதிலும் கிடைத்தது, இங்கே பாதிதான்.

முழங்கால் பிரச்சினை உள்ளவர்களோடு போனால் ஒரே ஒரு கோட்டை பார்க்கலாம் என்ற நிலையில் நான் பியூமாரிஸைத்தான் சொல்வேன். தரைமட்டத்திலேயே பெரும்பகுதி பார்த்துவிடலாம். வாசலைத் தாண்டினால் ஊர்க் கடைத்தெரு, மறுபுறம் நீரிணைக்கு அப்பால் மலை. மேலே ஏற விரும்புகிறவர்களுக்குப் படிகளும் உண்டு.

கைர்னார்வன்தான் நான்கில் பெரும் புகழ் பெற்றது. பலகோணக் கோபுரங்கள், வரிவரியாக நிறம் மாறும் கல். 1284இல் எட்வர்டின் மகன், பின்னாளில் இரண்டாம் எட்வர்ட், பிறந்தது இங்கே. 1969இல் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டியதும் இங்கேதான். முற்றத்தின் நடுவில் அதற்காகப் போட்ட வட்டமான கற்பலகை மேடை இருக்கிறது. பார்க்க வேண்டியதுதான், எனக்கு மனசு ஒட்டவில்லை. எல்லாமே அரசர் வருகைக்காகத் தயாராக நிற்பதுபோல் ஓர் இறுக்கம். ஆனால் 2023இல் அரசவாசல் கோபுரத்தைச் சீரமைத்து ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறிப் போனால் மேல்தளத்தில் நின்று ஊரையும் நீரிணையையும் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் அம்மா ஒரு கோட்டையின் உச்சியில் நின்றது அங்கே மட்டும்தான். மேலே நின்று தஞ்சாவூர் சித்திக்கு வீடியோ கால் போட்டார், சிக்னல் நன்றாகவே கிடைத்தது. பழைய கட்டடத்தில் கண்ணாடியும் இரும்பும் எதற்கு என்று கேட்பவர்கள் முழங்கால் வலி வந்தபின் பேசட்டும்.

கைர்னார்வனுக்குப் போகும் வழிதான் கோட்டையைவிட மேல். கேப்பல் கியூரிக்கிலிருந்து ஏ4086 பிடித்து, பென்-அ-பாஸ் உச்சியைத் தாண்டி லான்பெரிஸ் கணவாயில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் மலை சாலையை நெருக்குகிறது, வீடு அளவுப் பாறைகள் ஓரத்திலேயே கிடக்கின்றன, இடது பக்கம் மேகத்துக்குள் 1,085 மீட்டர் ஸ்னோடன். பென்-அ-பாஸில் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் கார் நிறுத்தத்துக்கு முன்பதிவு வேண்டும். அங்கே நிற்காமல் நேரே லான்பெரிஸ் போய் டோல்படார்ன் கோட்டையைப் பாருங்கள். ஏரிக்கு மேலே தனியாக ஒரு வட்டக் கோபுரம், கட்டணம் கிடையாது. அதைக் கட்டியவர் வடக்கு வேல்ஸை ஆண்ட இளவரசர் பெரிய லெவெலின், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. பாஸில் வரும் நான்கு பெரிய கோட்டையும் வேல்ஸ்காரர்களை அடக்க இங்கிலாந்து கட்டியவை. அவற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், மண்ணுக்குச் சொந்தக்காரர்களின் வீட்டுக்கே போகாமல் ஊரைப் பார்த்த கணக்கு. பெரியவள்தான் கேட்டாள், "அப்போ இந்த ஊர்க்காரங்களுக்கு அந்தக் கோட்டைங்க பிடிக்குமா?" அப்பா, "வேலூர்க் கோட்டையில வெள்ளைக்காரன் இருந்தான், இப்ப நாமதானே டிக்கெட் கிழிக்கிறோம்" என்றார். அவள் கேட்டதற்கு அது பதிலா என்று தெரியவில்லை.

ஹார்லெக் போன நாள் முழுவதையும் சாலைக்கே கொடுத்தோம். நான்ட் குவினன்ட் பள்ளத்தாக்கில் இறங்கும்போது ஏரியைப் பார்க்க ஓரிடத்தில் வண்டி நிறுத்த வசதி உண்டு, தவற விடாதீர்கள். அடுத்து பெத்கெலர்ட் என்ற ஊர். அங்கே லெவெலினின் நாய்க்குக் கல்லறை இருக்கிறது. குழந்தையைக் காணோம், நாயின் வாயில் ரத்தம், வாளை உருவிக் கொன்றுவிட்டார். பிறகு பார்த்தால் தொட்டிலுக்கு அடியில் குழந்தை பத்திரம், பக்கத்தில் நாய் கொன்ற ஓநாய். "இது நம்ம கீரிப்பிள்ளை கதை" என்று அம்மா உடனே பிடித்துவிட்டார். கல்லறை விஷயத்தில் பெரிதாக உருக வேண்டாம், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் ஓட்டல்காரர் ஒருவர் வியாபாரத்துக்காகக் கிளப்பிவிட்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. ஆற்றோர நடை அழகு, அதற்காகப் போகலாம்.

ஹார்லெக் பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கட்டிய காலத்தில் கடல் பாறையின் அடிவரை இருந்தது, இப்போது மணல்மேடும் புல்வெளியும் தாண்டி எங்கோ போய்விட்டது. கடல் பக்கம் இறங்கும் 108 படி மட்டும் அப்படியே இருக்கிறது. 108 என்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார், இறங்கவில்லை. இங்கிலாந்தை எதிர்த்துக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூர் 1404இல் இதைப் பிடித்து, 1409வரை தன் கையில் வைத்திருந்தார். அப்புறம் இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் ஏழு வருட முற்றுகை. 2015இல் திறந்த நடைபாலம் இருப்பதால் வாசல்வரை சிரமமில்லாமல் போய்விடலாம், சக்கர நாற்காலியும் போகும். உள்ளே முற்றம் சின்னது, மதில்மேல் நடைக்குத்தான் படி. காற்று ஆளைத் தள்ளுகிறது, பிள்ளைகளின் தொப்பியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கான்வி, பியூமாரிஸ் அளவுக்கு நேரம் இங்கே போகாது, ஆனால் மதிலிலிருந்து ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று நான்கில் இதற்குத்தான் காட்சி.

திரும்பும்போது பிளைனாய் ஃபெஸ்டினியோக் வழியாக வந்தோம். ஊரைச் சுற்றி மலையளவு கற்பலகைச் சில்லுகள், மழையில் நனைந்து நீலமும் சாம்பலுமாக. இந்தக் கற்பலகைச் சுரங்க நிலப்பரப்புக்கு 2021இல் யுனெஸ்கோ தனி அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. ஏ470 சாலை ஓரத்திலேயே டோல்விதெலன் கோட்டை, லெவெலின் வகையறாதான். காரிலிருந்தபடியே பார்த்துக் கும்பிடு போட்டோம். பாஸ் கையில் இருந்தும் இறங்காமல் போனதற்கு என் வீட்டுக்காரர்கூட ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஓட்டுகிறவர்களுக்கு: 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புச் சாலைகளில் பொதுவாக 20 மைல் வேகம்தான். ஊர் எல்லை வந்ததும் குறைத்துவிடுங்கள். சாலையில் "அராவ்" என்று பெரிதாக எழுதியிருந்தால் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். ஏழு பேர் வண்டியை வாடகைக்கு எடுத்தால் அகலத்தைப் பார்த்து எடுங்கள். கிராமச் சந்துகளில் ஒரு வண்டிதான் போகும், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான். லான்ரூஸ்ட் பழைய கல்பாலம் 1636இல் கட்டியது. நடுவில் கூனிக்கொண்டிருப்பதால் மறுபக்கம் யார் வருகிறார் என்று தெரியாது. ஆடுகளுக்குச் சாலை விதி எதுவும் பொருந்தாது.

பாஸில் வராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்தக் கட்டணம் எல்லா ஊரிலும் தனி. பேங்கர் பக்கத்திலுள்ள பென்ரின் கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற வேறொரு அமைப்பின் கையில் இருக்கிறது, இந்த பாஸ் செல்லாது. அது 19ஆம் நூற்றாண்டு மாளிகை, ஜமைக்கா கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பிலும் கற்பலகைச் சுரங்கத்திலும் வந்த பணம். பார்க்க விரும்பினால் தனி டிக்கெட். கோட்டை நேரம் ஜூலை, ஆகஸ்ட்டில் மாலை 6 வரை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் 5, குளிர்காலத்தில் 4. மூடுவதற்கு அரை மணிக்கு முன்னால் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். மே கடைசியில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் இது மறந்துவிடும், அதனால் கோட்டையைக் காலையிலும் சாலையை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைப் போல ஒரு வாரத்துக்கு வருகிறவர்களுக்கு 3 நாள் பாஸ் போதும். பியூமாரிஸையும் கைர்னார்வனையும் ஒரே நாளில் வைத்தால் நான்கு பெரிய கோட்டைக்கும் சரியாக வரும், கான்விக்கும் ஹார்லெக்குக்கும் தனித்தனி நாள் கொடுங்கள். தெற்கு வேல்ஸும் சேர்த்துப் பார்ப்பவர்கள் மட்டும் 7 நாள் பாஸ் எடுக்கலாம்.

கடைசியாக, எல்லாக் கோட்டை வாசலிலும் கடை உண்டு, எல்லாக் கடையிலும் மரவாளும் கேடயமும் உண்டு. வாங்கித் தருவதாக இருந்தால் கடைசிக் கோட்டையில் வாங்கிக் கொடுங்கள். நாங்கள் கான்வியிலேயே வாங்கினோம். பின்சீட்டில் வாரம் முழுக்கப் போர், தாத்தாவின் கண்ணாடிக்கு இரண்டு முறை ஆபத்து.